மாப்பிள்ளை அணைத்த கணினி

நன்றாக ஓடுகிற கணினியைச் சும்மா எட்டிப் பார்க்காதீர்கள். எட்டிப் பார்த்ததால் என் நிச்சயதார்த்தத்தில் நானே இல்லாமல் போகப் பார்த்தேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கேட்டரிங் கடையின் கணினியைப் பராமரிப்பது என் வேலை. எந்த வேன் எந்த வீட்டுக்கு என்ற விவரமெல்லாம் அந்த ஒரே கணினியில். கடையைக் கூட்டுகிறவர் ஒருநாள் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். உடனே அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "இனிமே இத யாரும் தெரியாம ஆஃப் பண்ண முடியாது, பாய்" என்று மேற்பார்வையாளர் காதர் பாயிடம் பீற்றிக்கொண்டேன். சாவியும் என்னிடம், பாஸ்வேர்டும் என்னிடம். (மேதாவி அல்லவா!)

நிச்சயதார்த்தக் காலை. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். நம் சாப்பாடு கிளம்பிவிட்டதா என்று ஓர் ஆவல். லேப்டாப்பிலிருந்து கடைக் கணினிக்குள் நுழைந்தேன். என் லேப்டாப் திரை முழுக்கக் கடைக் கணினியின் திரைதான். வடை உட்பட எல்லாம் பட்டியலில் இருந்தது.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வாடா, நேரமாச்சு லா" என்றார் அம்மா. ஃபேன், லைட், கேஸ் எல்லாம் அணைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் செருப்பையே மாட்டுவோம். நல்ல பிள்ளையாக 'ஷட் டவுன்' அழுத்தி, அதே கையோடு லேப்டாப்பை மூடினேன்.

புக்கிட் பாத்தோக்கில் பெண் வீட்டு வாசலில் தட்டோடு நிற்கும்போது காதர் பாய் அழைத்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் படுத்துருச்சு. எந்த வீட்டு அட்ரஸும் தெரியல. வேனெல்லாம் நிக்குது."

"யாரு பாய் ஆஃப் பண்ணது?"

"அலமாரி பூட்டித்தானே கெடக்கு? யாரால முடியும்?"

யோசித்தேன். ஒரே ஒருவனால் முடியும். காலையில் நான் அழுத்திய 'ஷட் டவுன்' என் லேப்டாப்பை அல்ல, அதன் திரையில் விரிந்திருந்த கடைக் கணினியை அணைத்திருக்கிறது.

என் சாப்பாட்டுக்கு மட்டும் விலாசம் சொல்லிவிட்டு, அலமாரிச் சாவியோடு கடைக்கு டாக்சி ஏறினேன். மற்ற வீட்டுக்காரர்களும் பசியோடு காத்திருப்பார்களே. பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அதற்கப்புறம் நல்ல நேரம் இல்லை. நான் அலமாரியைத் திறந்து பொத்தானை அழுத்தும்போது அப்பா போனில் சொன்னார்: "சாப்பாடு வந்துருச்சு. மாப்பிள்ளை எங்கன்னு சம்பந்தி கேக்கறாரு. என்னடா சொல்ல?" "கம்ப்யூட்டர ஆன் பண்ணப் போயிருக்கான்னு சொல்லுங்க" என்றேன்.

பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தேன். பெண் மீனா நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஆன் ஆயிருச்சா?" அந்த நொடியே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இப்போது நான் பார்த்துக்கொள்ளும் எந்தக் கணினியையும் வெளியிலிருந்து அணைக்க முடியாது. திரையில் வரும் 'ஷட் டவுன்' பொத்தானையே எடுத்துவிட்டேன். வீட்டு சுவிட்சுகளுக்குத்தான் அந்த வசதி இல்லை. நான் எதில் கை வைத்தாலும் மீனா கேட்கிறாள்: "இது நம்ம வீட்டு ஃபேன்தானே, பாத்தீங்களா?"

பார்த்துவிட்டுத்தான் அணைக்கிறேன்.