தொட்டுக் கூட்டும் தகப்பன்

உங்கள் வீட்டு ஆலிவ் ஜாடியில் மூன்று காய் குறைகிறதா? கொடியில் காய்ந்துகொண்டிருந்த காலுறைகள் ஜோடி பிரிந்து படிக்கட்டில் வரிசையாகக் கிடக்கின்றனவா? வாசலில் வைத்த உங்கள் காலி கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டு இரண்டு சிலிண்டர்களோடு போய் நின்றுகொண்டிருக்கிறதா? போலீசுக்குப் போகாதீர்கள். இது திருட்டில்லை, பாடம். தொட்டுக் கூட்டும் தகப்பன் இந்தப் பக்கமாக வந்து போயிருக்கிறார்.

இவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பெற்றவர். ஆசிரியர் அல்ல, ஆசிரியராக இருந்தால் மணி அடித்ததும் நிறுத்திவிடுவார். எங்கோ நாலு வீடியோ பார்த்திருப்பார். அன்று முதல், "ரெண்டும் மூணும் அஞ்சு" என்று வாயால் சொல்லிக்கொடுப்பது அவருக்குப் பெரும்பாவம். பொருளை எடுத்து, நகர்த்தி, சேர்த்து, எண்ணிப் பார்த்தால்தான் கணக்கு மண்டைக்குள் இறங்கும் என்று எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்வார். நல்ல கொள்கைதான். யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பொருள் பெரும்பாலும் அடுத்தவருடையது. எடுக்கிற கை எப்போதும் அவருடையது. பிள்ளையின் கை? அது மடியில் பத்திரமாக இருக்கும்.

ஜோர்டான் நாட்டு இர்பித் நகரத்தில் எங்கள் தெருவுக்கு என்று வாய்த்தவர் ரம்ஸி. குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் ஃபலாஃபல் என்கிற கடலை வடை சுடச்சுடத்தான் வரும். ஆனால் அவர் அதை நாலும் மூன்றுமாகப் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்து முடிப்பதற்குள் ஆறிப்போய் எருமுட்டையாகிவிடும். காய்கறிக் கடையில் நம் பையிலிருந்து இரண்டு வெள்ளரிக்காயை எடுத்துத் தன் பையில் போட்டு எண்ணுவார்; எண்ணி முடித்தபின் திருப்பிப் போடும்படி வீடியோவில் சொல்லவில்லை போலிருக்கிறது. துக்கம் கேட்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்தவர் முன்னாலிருந்த தட்டிலிருந்து பேரீச்சம்பழத்தை நகர்த்தியதைக்கூட நான் கண்ணால் பார்த்தேன்.

மகள் லயானுக்கு ஆறு வயது. அவளுக்குக் கூட்டல் வராது என்கிறீர்களா? சமையலறையில் அம்மா கேட்டால் பட்டென்று சொல்வாள். பொருளைக் கண்ணெதிரே வைத்தால்தான் தகராறு.

"மூணு ஆலிவ், ரெண்டு ஆலிவ். சேர்த்தா?"

"இது கறுப்பு பாபா. அது பச்சை."

"நிறத்தை விடும்மா. காயைப் பாரு."

"காயைத்தான் பார்க்கிறேன். ஒண்ணுல கொட்டை இல்ல."

ஏதன்ஸ் நகரத்துத் தத்துவ ஞானிகளே தோற்றுப்போகும் இந்தக் கேள்விகளுக்கு ரம்ஸியிடம் ஒரே பதில்தான் உண்டு: வேறு பொருள் எடுப்பது.

இப்படியே ஆலிவோடும் காலுறையோடும் போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். போன மாதம் அவருடைய தங்கை ஹனீனைப் பெண் கேட்டு வந்தார்கள்.

பெண் கேட்க இருபது பேர் வந்து உட்கார்வார்கள். வந்தவர்களில் பெரியவர்களுக்குக் காப்பி ஊற்றுவோம். அவர்கள் அதைத் தொடாமல் கீழே வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்வார்கள். பெண் வீட்டார் "குடியுங்கள்" என்றால் சம்மதம். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் நிபந்தனை பேசுவது, கைகழுவிய பிறகு உப்பு கேட்பது மாதிரி.

ஹனீனுக்கோ ஒரு நிபந்தனை இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அதற்குப் போக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை என்று தெருவுக்கே தெரியும். தகப்பனார் இல்லாத வீடு என்பதால், காப்பி குடிக்கச் சொல்வதற்கு முன்னால் இதைப் பேசி வாங்கும் பொறுப்பைப் பெரியப்பா அபூ நாயிஃபிடம் கொடுத்திருந்தாள். ஒரு தடவை அல்ல, ஒன்பது தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

வந்தவர்களுக்குத் தலைவர் அபூ ரகான். நாற்பது வீட்டில் பெண் கேட்டு ஒரு வீட்டிலும் தோற்காதவர். கேட்டு முடித்துக் காப்பிக்கு முன்னால் சிலைபோல உட்கார்ந்தார். அபூ நாயிஃப் எழுந்து தொண்டையைச் செருமினார். அவர் நேராக விஷயத்துக்கு வருகிறவரா? குலப்பெருமையில் தொடங்கி, கொள்ளுத்தாத்தாவின் குதிரையில் ஏறி, மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ரம்ஸியின் கண்ணில் கோப்பைகள் பட்டுவிட்டன.

"லயானு, மேஜைமேல எத்தனை?"

"மூணு."

"அங்க, கூஜா பக்கத்துல?"

"ரெண்டு."

"சேர்த்தா?"

"சேராது பாபா. அதுல காப்பி இருக்கு, இதுல இல்லை."

"டேய் ரம்ஸி," என்று குதிரைமேல் இருந்தபடியே பெரியப்பா பல்லைக் கடித்தார்.

"ஒரு நிமிஷம் பெரியப்பா, பிள்ளை இப்பத்தான் கேள்வி கேட்குது!" என்று எழுந்துபோன ரம்ஸி, அபூ ரகானின் கோப்பையை எடுத்து அவர் கையிலேயே வைத்தார். "இதைக் கொஞ்சம் குடிச்சுக் காலி பண்ணிடுங்களேன். எல்லாம் ஒரே மாதிரி ஆயிட்டா அவளுக்குப் புரிஞ்சிடும்."

நாற்பது வீடு பார்த்த மனிதர் இரண்டாம் தடவை சொல்லட்டும் என்று காத்திருப்பாரா? ஒரே மடக்கு. அவர் குடித்ததைப் பார்த்ததும் காப்பி வாங்கியிருந்த மற்ற இரண்டு பெரியவர்களும் ஆளுக்கொரு மடக்கு. "அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்!" என்று இருபது பேரும் கையேந்திவிட்டார்கள். பெரியப்பா வாயைத் திறந்தபடி நின்றார். குதிரை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அஞ்சு!" என்று கத்தினாள் லயான்.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று துள்ளினார் ரம்ஸி. அந்தக் கூடத்தில் பெண் வீட்டார் தரப்பில் சந்தோஷமாக இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

உள்கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பெரியப்பா, என் வேலையைப் பத்திப் பேசியாச்சா?"

"எங்கம்மா பேச விட்டான் உன் அண்ணன்?"

"அப்ப அந்தக் காப்பி என் காப்பி இல்லை. குடிக்கக் கொடுத்தது அண்ணன். மாப்பிள்ளை என் அண்ணனையே கட்டிக் கூட்டிட்டுப் போகட்டும். நான் அவனுக்குச் சட்டை மடிச்சு வைக்கிறேன்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அப்புறம் கூடமே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அபூ ரகான் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை.

"குடிச்ச காப்பியை எப்படி மகளே திருப்பித் தர்றது?"

"நீங்க எத்தனையோ வீடு பார்த்தவங்க. ஒரு பிள்ளை பாடம் படிச்ச நேரத்துல கிடைச்ச பொண்ணுன்னு ஊர்ல சொல்லிக்குவீங்களா?"

அபூ ரகானுக்குச் சுருக்கென்றது. கோப்பையை நீட்டினார். காப்பி ஊற்றுகிறவன் நிரப்பினான். அதைத் தொடாமல், மேஜைமேல், பழைய இடத்திலேயே வைத்தார். "சொல்லும் அபூ நாயிஃப். குதிரையை விட்டுட்டுச் சொல்லும்."

பெரியப்பா ஒரே வரியில் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா மீசையிலிருந்து கையை எடுப்பதற்குள், "போகட்டும் அப்பா, நான்தான் தினமும் கொண்டுபோய் விடுவேன்," என்றான் மகன். இருபது பேர் முன்னால் சொல்லிவிட்டான். இனி அப்பா என்ன செய்ய?

"இப்பக் குடியும்," என்று பெரியப்பா சொல்லப்போகும் சமயம் ரம்ஸி மெல்ல மகள் பக்கம் குனிந்தார். "லயானு, மறுபடியும் ஒண்ணு நிரம்பிடுச்சு பாரு..."

"யாராவது அவன் கையைப் பிடிங்க!" என்றது கதவு.

ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம், நானும் மாப்பிள்ளையும். அபூ ரகான் நிம்மதியாகக் குடித்தார்.

நீங்கள் ரம்ஸியைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: நிரம்பினதும் காலியும் சேராது என்று அந்தக் குழந்தை சொன்னபோது, ஹனீனின் வேலை என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டீர்களா? அல்லது, "அந்த ரெண்டு காலிக் கோப்பையிலும் காப்பியை ஊத்தியிருந்தாப் போதுமே, பிள்ளைக்குப் புரிஞ்சிருக்குமே" என்று நினைத்தீர்களா?

நினைத்தீர்கள் அல்லவா? அடுத்த முறை பெண் கேட்கப் போகும்போது உங்களையும் அழைக்கிறோம். கையைக் கட்டிக்கொண்டு, மேஜைக்கு எட்டாத நாற்காலியில் உட்காருங்கள்.