முதுகுக்கு வந்த கூட்டம்

புலி சுங்கான் புகைத்துக்கொண்டு திண்டில் சாய்ந்திருந்த காலத்தில் நடந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இது புலியெல்லாம் போய், போன் வந்து, அந்த போனும் நாலு தடவை மாறிய பிறகு நடந்த கதை. ஜேச்சோன் என்று ஒரு ஊர். அந்த ஊரில் ஒரு பழைய சந்தை. சந்தையில் ஏழு கல்குக்சு கடைகள், அதாவது கையால் நறுக்கிய நூடுல்ஸ் சூப்புக் கடைகள். ஏழாவது கடை கில்போக்குடையது. ஏழாவது என்று சொன்னது இருக்கிற இடத்தை மட்டுமல்ல.

கல்குக்சுவுக்கு மாவைப் பிசைய வேண்டும், கட்டையால் உருட்ட வேண்டும், கத்தியால் நூல் நூலாக நறுக்கிக் கொதிக்கிற சிப்பிச் சாற்றில் போட வேண்டும். பிசைவது, உருட்டுவது, நறுக்குவது கில்போக். கொதிக்க வைப்பது, பரிமாறுவது, திட்டுவது அவர் மனைவி யோங்ஷிம். இப்படி இருபத்தெட்டு வருஷம்.

இருபத்தொன்பதாவது வருஷத்தின் முதல் மழை நாளில் கில்போக் ஒரு சபதம் செய்தார். இனி மாவைத் தொடுவதில்லை.

காரணம், சந்தை வியாபாரிகள் சங்கம் நடத்திய இலவச வகுப்பு. இணையத்தில் கடையை விளம்பரம் செய்வது எப்படி என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். கில்போக் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடும், நேராக நிமிர்ந்த கழுத்தோடும் வீடு திரும்பினார்.

"போமி அம்மா, நாளையிலேர்ந்து நான் விளம்பரப் பிரிவு."

"நம்ம கடையில பிரிவெல்லாம் இருக்கா? எனக்குத் தெரிஞ்சு முன்னாடி ஒரு கதவு, பின்னாடி ஒரு கதவு."

"சிரிக்காத. இப்பல்லாம் யாரும் மூக்கை நம்பிச் சாப்பிட வர்றதில்ல. போனைப் பாத்துட்டுத்தான் வர்றான். பிளாக் எழுதணும், போட்டோ போடணும். அதுக்கு நிதானமா கல்லாவுல உக்காந்து யோசிக்கணும். மாவுக் கையோட யோசனை வராது."

"அப்ப மாவு?"

"நீ பாத்துக்க."

"அடுப்பு?"

"அதையும்தான்."

யோங்ஷிம் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் பெரிய விஷயம்.

"பந்தயம் வெச்சுக்கலாம் போமி அப்பா. மழைக்காலம் முடியறதுக்குள்ள, பிளாக் எழுதி இந்த வாசல்ல இருபது பேரை நிக்க வைக்கறவங்க கல்லாவுல உக்காரலாம். மத்தவங்க மாவு உருட்டணும். ஆயுசுக்கும். அதுவரைக்கும் இப்ப மாதிரியே, மாவு உங்களுக்கு, அடுப்பு எனக்கு."

"மத்தவங்கன்னா நீதானே!"

"நான்தான். இந்தக் கடையில வேற யாரு இருக்கா?"

ஒரு விரலால் தட்டித் தட்டி மகள் போமிக்குச் செய்தி அனுப்பவே அரை மணி எடுப்பவள். கில்போக் அப்போதே போய் முகவரி அட்டை அடித்துக்கொண்டார். பெயருக்குக் கீழே 'தலைமை நிர்வாகி'.

வகுப்பு எடுத்த பேக் டீச்சர் நல்ல பெண். தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். "முதலாளி, ஜன்னல் வெளிச்சத்துல படம் எடுங்க. பெரிய படத்தை அப்படியே ஏத்தாதீங்க, அது திறக்கறதுக்குள்ள ஆளு பக்கத்துக் கடையில சாப்பிட்டு முடிச்சிருப்பான். படத்துக்குப் பேர் வைங்க, ஜனங்க தேடற வார்த்தை அதுல இருக்கட்டும். அடுத்தவங்க படத்தைத் தொடாதீங்க. பேசற மாதிரி எழுதுங்க." கில்போக் அத்தனையையும் அழகான கையெழுத்தில் ஃபைலில் எழுதி, அதை கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃபிரிட்ஜின் மேல் பத்திரமாக வைத்தார். பிறகு தன் இஷ்டப்படி செய்தார்.

'மதிப்பிற்குரிய இணையப் பெருமக்களே! கோதுமையின் வரலாறு பல்லாயிரம் ஆண்டுகள் பழமையானது' என்று ஆரம்பித்தது அவருடைய முதல் கட்டுரை. நூடுல்ஸ் ஒன்பதாவது பத்தியில் வந்தது. கடை எங்கே இருக்கிறது என்பது வரவே இல்லை.

படம் இன்னும் மோசம். ஜன்னலோரம் கிண்ணத்தை வைத்து, சுரைக்காய்த் துண்டை இடப்பக்கம் நகர்த்தி, சிப்பியை வலப்பக்கம் திருப்பி, ஆவி போதவில்லை என்று தலைமுடி உலர்த்தியைக் கொண்டுவந்து ஊதி, நாற்பது நிமிஷம். கல்குக்சு என்ன, காத்துக்கொண்டா இருக்கும்? நூல் கயிறாகி, கயிறு வடமாகி, சாற்றையெல்லாம் குடித்துவிட்டுக் கிண்ணத்தில் ஒரு மலைப்பாம்பு படுத்திருந்தது.

"இதை யாரு சாப்பிடறது?" என்றாள் யோங்ஷிம்.

"இது மாதிரிக்கு."

"மாதிரியைத் தலைமை நிர்வாகியே சாப்பிடட்டும்."

இரண்டு வாரம் தினம் ஒரு மலைப்பாம்பைத் தின்றார். விளம்பரப் பிரிவுக்குத் தொப்பை வந்தது.

எதிர் முடிதிருத்தும் கடை தாக் தன் போனில் அந்தப் படத்தைத் திறந்தார். ஒரு ஆளுக்கு முழுச் சவரம் முடித்து, துண்டை உதறிவிட்டு வந்து பார்த்தார். கிண்ணத்தின் விளிம்பு மட்டும் வந்திருந்தது.

"அண்ணே, சூப்பு சாயங்காலம் வருமா?"

கடைசியில் கில்போக் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். எங்கேயோ கடலோரக் கடையின் படத்தை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டார். நூடுல்ஸ் மேல் ஒரு முழு ஆக்டோபஸ் கால் நீட்டிப் படுத்திருக்கும் படம். மறுநாளே வெளியூரிலிருந்து ஒரு தம்பதி காரில் வந்து இறங்கினார்கள்.

"ஆக்டோபஸ் போட்டது ரெண்டு."

யோங்ஷிம் அவர்களை மரியாதையாக உட்காரவைத்து, புருஷனைக் கையால் காட்டினாள். "அது இவரோட போன்லதான் வளருதுங்க. நம்ம ஊருக்குக் கடல் கிடையாது. வேணும்னா பிடிச்சுத் தரச் சொல்றேன்."

தம்பதி வந்த வழியே போனார்கள்.

"ரெண்டு பேர் வந்தாங்க, பாத்தியா!" என்றார் கில்போக்.

"போனதையும் பாத்தேன்."

அந்த வாரம் பேக் டீச்சர் பழைய மாணவர்களையெல்லாம் கூப்பிட்டுத் திரையில் ஒரு வலைப்பூவைக் காட்டினாள். பெயர், 'இன்றைய முதுகு'. தினம் ஒரே ஒரு படம். வெள்ளை பனியன் போட்ட ஒரு ஆளின் முதுகு. பின்னங்கழுத்தில் கோணலாக ஒரு வலி பிளாஸ்திரி, உச்சியில் சின்னதாக ஒரு வழுக்கை, அதைத் தாண்டி மாவுத் தூசி, வெறும் சுவர். முகம் இல்லை. கடைப் பெயரும் இல்லை. கீழே மூன்று வரி.

'இன்னைக்கும் மழை. மாவு ஒட்டுது. இந்த மனுஷன் மாவைத் திட்டறாரு. மாவு கேட்டுக்குது. நான் கேட்டுக்கறதில்ல.'

"பாருங்க முதலாளிகளே, சின்னப் படம், சட்டுனு திறக்குது. ஜன்னல் வெளிச்சம். பேசற மாதிரி எழுத்து. படத்துக்குப் பேர் 'மழைநாள் கல்குக்சு'. மழை வந்தா இந்த நாட்டுல யாருக்குத்தான் மாவுப் பலகாரம் ஞாபகம் வராது? தினம் எட்டாயிரம் பேர் பாக்கறாங்க. எந்தக் கடைன்னு கேட்டுக் கேட்டு மண்டை காய்ஞ்சு போறாங்க!"

கில்போக்குக்கு வயிறு எரிந்தது. மனுஷனுக்குத் தன் முதுகு எங்கே தெரிகிறது? தாக் மாதம் ஒருதரம் கண்ணாடி பிடித்துக் காட்டுவார். அந்த நேரம் பார்த்து கில்போக் தூங்கியிருப்பார்.

கடைக்கு வந்ததும் மாவுப் பலகை முன்னால் நின்றுகொண்டே போனில் அந்த வலைப்பூவின் கீழே தட்டினார். 'இது கூலிக்கு வந்த நடிகன். நிஜமாக மாவு உருட்டுகிறவனுக்கு இப்படிக் கூன் விழாது.'

எட்டடி தள்ளி அடுப்பருகே யோங்ஷிம் போனை எடுத்தாள். ஒரு விரல் நிதானமாக நடந்தது. கில்போக்கின் போன் சிணுங்கியது. 'நிஜம்தாங்க. இருபத்தெட்டு வருஷமா பாக்கறேன்.'

"திமிரப் பாரு!" என்றார் கில்போக்.

"யாருக்கு?"

"ஒரு போலி. இங்க பாரு போமி அம்மா, ஒரு பிளாஸ்திரியை நேரா ஒட்டத் தெரியல அவன் பொண்டாட்டிக்கு. என்ன குடும்பமோ!"

யோங்ஷிம் சாற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். அன்று மாலை அவர் கழுத்துக்குப் புதுப் பிளாஸ்திரி ஒட்டும்போது மட்டும் சத்தம் சந்தைக் கோடி வரை கேட்டது.

மறுநாள் சாப்பிட வந்த தாக்கிடம் போனை நீட்டினார். "தாக், நீ ஊர்த் தலையெல்லாம் பாக்கறவன். இது யாருன்னு சொல்லு, போய் நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

தாக் படத்தைப் பார்த்தார். கில்போக்கின் பிடரியைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். "அண்ணே, இது..." என்று வாயைத் திறந்தபோது, அவர் முன்னால் கேட்காமலே ஒரு தட்டு கொழுக்கட்டை வந்து உட்கார்ந்தது. தட்டுக்குப் பின்னால் யோங்ஷிம் நின்றாள்.

"யாருன்னே தெரியலையே அண்ணே," என்றார் தாக், வாய் நிறைய. அப்புறம் தினமும் அதே நேரத்துக்கு வந்து, ஒரு தட்டு கொழுக்கட்டை தின்று, 'தெரியாமல்' போனார்.

மழைக்காலத்தின் கடைசி வாரம். விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. பதினொரு மணிக்குக் கில்போக் எட்டிப் பார்த்தார். வாசலில் குடைகள். ஐந்து, பத்து, முப்பத்தொன்று! முதல் கடையைத் தாண்டி, ஆறாவது கடையைத் தாண்டி, ஏழாவது கடை வாசலில்.

"ஜெயிச்சுட்டேன்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, முகவரி அட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வாங்க, வாங்க! கோதுமை வரலாறு படிச்சுட்டுத்தானே வந்தீங்க?"

முன்னால் நின்ற பெண் அவரைச் சுற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் வழி விடறீங்களா? முதுகு உள்ள இருக்கா?"

"எந்த முதுகு?"

அவள் போனைக் காட்டினாள். 'இன்றைய முதுகு.' அன்று காலைப் படத்தில் முதல்முறையாகக் கடையின் பெயர்ப்பலகை. 'மழை பெய்யுது. முதுகு தயார். பழைய சந்தை, ஏழாவது கடை. வாங்க.'

கில்போக் பெயர்ப்பலகையைப் பார்த்தார். அது அவருடைய பெயர்ப்பலகைதான். மெல்லத் திரும்பி உள்ளே மனைவியைப் பார்த்தார்.

அவர் திரும்பியதுதான் தாமதம். பின்னாலிருந்து முப்பத்தொரு பேரும் "ஆ!" என்றார்கள்.

"அதே பிளாஸ்திரி!"

"அதே வழுக்கை!"

"அந்தப் பிடரி என் கைவேலைங்க," என்று எதிர்க் கடை வாசலிலிருந்து தாக் அறிவித்தார்.

யோங்ஷிம் ஏற்கெனவே கல்லாவில் உட்கார்ந்திருந்தாள்.

"நீயா?"

"நான்தான்."

"உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான். அந்த ஃபைல்ல எவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க. நீங்க எழுதினீங்க, நான் செஞ்சேன்."

"என் முதுகைப் போடறதுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"ஊர் பாக்க உங்ககிட்டயே சொன்னேனே, நிஜம்தாங்கன்னு. நீங்கதான் நடிகன்னு சாதிச்சீங்க."

கில்போக் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இந்தா, கூட்டம் வந்தது என் முதுகுக்கு. அப்படின்னா கூட்டிட்டு வந்தது நான்தான். கல்லா எனக்கு!"

"கூட்டம் உங்க முதுகுக்குத்தான் வந்திருக்கு. அதான் சொல்றேன், அது இருக்கற இடத்துல இருக்கட்டும்." யோங்ஷிம் வரிசையில் முதல் ஆளுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தாள். "சட்டையைக் கழட்டுங்க போமி அப்பா. பனியன் தெரியணும்."

அன்று மூன்று மணி வரை உருட்டினார். அவருக்குப் பின்னால் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாவை யோங்ஷிம் ஏற்பாடு செய்துவிட்டாள். கல்லாவில் உட்கார்ந்து நிதானமாக யோசிக்க நேரம் வேண்டுமே.

கடைசியில் ஒரே ஒரு பெண் மிச்சம். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பலகைக்கு அருகே வந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

கில்போக்குக்கு மனசு குளிர்ந்தது. ஓடிப்போய் முகம் கழுவினார். பானை மூடியில் பார்த்துத் தலை வாரினார். மோவாயை உயர்த்தி, அவளைப் பார்த்து, பல் தெரிய நின்றார்.

அவள் போனைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க... அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?"

திரும்பினார். 'கிளிக்' என்று கேட்டது.

"அப்படியே முகத்தையும் ஒண்ணு எடுத்துக்கம்மா. இருந்துட்டுப் போகட்டும்," என்றார் சுவரிடம்.

பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு அவள் ஆறாவது கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.