ஒரு வாளி மசாலா

"அக்கா, அம்மி வழுவழுன்னு ஆயிருச்சு. மசாலா திப்பிதிப்பியா இருக்குது. கொத்தியே ஆகணும்லா" என்று உளியும் சுத்தியலுமாக வந்து நின்றான் பெரியகருப்பன்.

சௌராஸ்தா பாசார்ச் சந்தையில் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்து விற்கிற நல்லம்மாளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. மசாலா திப்பியாக இருப்பது அவளுக்கும் தெரியும். அதை இவன் சொல்லலாமா?

"என் மசாலா எப்படி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? மூணு வருசமா என் அம்மியைக் கொத்துறே. ஒரு நாள், ஒரே ஒரு உருண்டை என்கிட்ட வாங்கியிருக்கியா?"

"அது வந்து..." என்று இழுத்த பெரியகருப்பன் சுத்தியல் பிடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"என்கிட்ட வாங்காதவனுக்கு இங்கே இனிமே வேலை இல்லை. போ!"

இது நல்லம்மாள் போட்ட சட்டம். சின்னக் கடைக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் வாங்கினால்தான் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரியும் என்று பாசார் முழுக்கப் பிரசங்கம் செய்வாள். சொன்னபடி நடக்கவும் செய்தாள். சோறும் கறியும் விற்கிற ஷேக் அலாவுதீன் பாய் தினம் ஒரு வாளி மசாலா வாங்குகிறார் அல்லவா? அதனால் மத்தியானம் ஆனதும் பாசார்ப் பெண்கள் பன்னிரண்டு பேரையும் ஓட்டிக்கொண்டு, மூலை மரத்தடியில் அவர் காவடியில் சுமந்து வந்து இறக்கி வைக்கும் நாசி கண்டார் சோற்றுக் கூடைகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். மீன் கறியில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். மூச்சு விடமாட்டாள். பாய் வாங்கும் அந்த வாளிதான் அவள் பிழைப்பில் பாதி.

பெரியகருப்பனைத் துரத்தியாயிற்று; அம்மியை யார் கொத்துவது? துறைமுகத்தில் கல் உடைக்கிற ஒருவனைப் பிடித்து வந்தாள். போன வாரம் அவளிடம் ஓர் உருண்டை மசாலா வாங்கியவன். அந்தத் தகுதி போதாதா? அவன் ஓங்கிப் போட்ட போட்டில் அம்மி அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆனது. கல் தூள் போகட்டும் என்று இரண்டு தரம் அரிசி அரைத்துக் கொட்டினாள். அப்படியும் மசாலாவில் கல் நறநறத்தது. அதற்குள் பாய் வந்து நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் வாளியைக் கொடுத்தாள்.

மத்தியானம் முதல் கவளத்தைப் பயந்துகொண்டே மென்றாள்.

"என்ன நல்லம்மா, சோத்தை எண்ணி எண்ணித் திங்கிறே?" என்றாள் கீரைக்காரி குணவதி.

"ஒண்ணுமில்லலா."

உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஒரு கல்கூட இல்லை! மசாலா அரைத்து இத்தனை வருடத்தில் அவள் இப்படி ஓர் அதிசயத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் மறுநாள் காலை சில்லறையாக வாங்கிப் போனவர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். நல்லம்மாள் அன்றைய மசாலாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய வேட்டியில் வடிகட்டினாள். கல் போனது, கூடவே மசாலாவும் போனது. மிச்சம் நின்றது சிவப்புத் தண்ணீர். வாடிக்கையெல்லாம் பக்கத்துக் கடைக்குத் தாவியது. பாய் மட்டும் வாளியை எட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போனார். மத்தியானம் கறி என்னவோ எப்போதும்போல் கெட்டியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமே! முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன துரைமார் கடைக்கே போனாள். தகர டப்பாவில் அடைத்த மசாலாத் தூள் வாங்கி வந்து கலந்தாள். வாளி முழுக்கத் தகர வாசம். பாய் அதையும் சிரித்த முகமாக வாங்கிப் போனார். கறி அப்போதும் மணந்தது.

'எல்லாம் என் கைராசி' என்று முதலில் நினைத்தாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம்பி வாங்குகிற மனுஷனுக்குக் கல்லையும் தண்ணீரையும் தகரத்தையும் கொடுத்தோமே என்று வெட்கமாக இருந்தது. இருக்கிற ஒரே வாடிக்கை போனாலும் போகட்டும், பாயிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

விடிந்ததும் பாய்க்கு முன்னால் பெரியகருப்பன் வந்தான். கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.

"அக்கா, கூலி வேணாம். சும்மாவே கொத்தி விடுறேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்லா!"

"உனக்கு எதுக்கு இத்தனை அக்கறை? கன்னத்துல என்ன?"

"திங்கக்கிழமை கல்லு கடிச்சு ஒரு பல்லு போச்சு. செவ்வாய்க்கிழமை மீன் தண்ணியில நீந்துச்சு. நேத்து ஒரே தகர வாசம், பிள்ளைங்க சட்டியையே தொடல."

"பாய் கறியா? அது நல்லாத்தானே இருக்கு! நான் தினம் திங்கிறேனே!"

"நல்லா இருக்காம என்ன? அதுக்கு மசாலாவை அவரு சம்சாரம் நூர்ஜான் அக்காவே வீட்டுல அரைக்குது."

"அப்ப என்கிட்ட ஏன் வாங்குறாரு?"

பெரியகருப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தான்.

"சொல்லக் கூடாதுன்னாரு. நீங்க பன்னெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வர்றீங்கன்னுதான் வாங்குறாரு. கொட்ட மனசில்லாம மூணு வருசமா உங்க வாளியைப் பதினாறு பேரு இருக்குற எங்க வீட்டுக்குத்தான் அனுப்புறாரு. அப்புறம் நான் எங்கேக்கா உங்ககிட்டத் தனியா ஒரு உருண்டை வாங்குறது?"