மதர்போர்டு போனதும் அத்தை வாய் திறந்ததும்

லெவுக்கா,
ஓவலாவ் தீவு.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஜோவிலிசி அவர்களுக்கு,

இங்கே நானும் உன் தங்கை வசிதியும் கொட்டிலில் உள்ள பன்றிகளும் கடவுள் கிருபையால் சுகம். சிட்னியில் நீயும், உனக்கு ஓரடி முன்னால் நடக்கும் உன் தொப்பையும் அவ்வண்ணமே சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ கப்பலில் அனுப்பி வைத்த கம்ப்யூட்டர் செத்துவிட்டது. உன்னிடமிருந்து வந்த பொருள் இத்தனை நாள் ஓடியதே அதிசயம் என்று சொல்லிச் சிரித்திருப்பேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் தலைநகர் சுவாவில் சபைப் பாட்டுப் போட்டி. நான் கட்டிய பாட்டுகள், நாலு குரலுக்கும் பிரித்து எழுதியது, எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பாடகர்களுக்கு முதல் பாட்டே இன்னும் சரியாக வாயில் ஏறவில்லை. வேறெங்கும் ஏன் படியெடுத்து வைக்கவில்லை என்று நீ கேட்காதே. உன் தங்கை கேட்டு முடித்துவிட்டாள்.

இந்த ஊரில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஆள், உன் தாயார். சுவா டெலிபோன் நிலையத்தில் சர்க்யூட் பலகைகளை வரிசையாகப் பழுது பார்த்தவள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நானும் அத்தையும் ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை. நம் தீவு வழக்கப்படி மருமகனும் மாமியாரும் அப்படித்தானே இருக்க வேண்டும். நீ அங்கே உன் மாமியாரோடு சீட்டாடுகிறாயாம், கேள்விப்பட்டேன். இங்கே நாங்கள் இன்னும் மனிதர்களாகத்தான் இருக்கிறோம். ஆகையால் அத்தை பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள், நான் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு டார்ச் பிடித்தேன், வெளிச்சம் முழுவதும் காலண்டர் மேல் விழுந்தது, நடுவில் வசிதி.

“எப்ப நின்னுச்சுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேளுடி.”

“எப்ப நின்னுச்சுன்னு அம்மா கேக்கறாங்க.”

“மழையில கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துச்சே, அப்பன்னு சொல்லு.”

“அம்மா, மழையில கரண்ட் போயிட்டு...”

“எனக்கென்னடி, காது செவிடா?”

இந்த லட்சணத்தில் வைத்தியம் நடந்தது. முதலில் மின்சாரம் கொடுக்கும் தகரப்பெட்டியைத் தனியே கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித்துண்டால் சேர்த்தாள். விசிறி சுற்றியது, ஆக அதன்மேல் குற்றமில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய பன்றி கட்டை அறுத்துக்கொண்டு ஓட, வசிதி அதன் பின்னால் ஓடினாள். நான் ஓரக்கண்ணால் பார்க்கிறேன், தகரப்பெட்டியின் துவாரத்துக்குள் ஒரு பல்லி காய்ந்து கிடக்கிறது. எடுத்துவிடலாமே என்று முள்கரண்டியை உள்ளே விடப்போனேன், பிளக் சுவரிலேயே இருக்கிறது என்பதை மறந்து.

“டேய் செமெசா! கையை எடுடா! செத்துத் தொலைவே!”

மச்சான், கரண்டி கீழே விழுந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் காலண்டரில் பண்டிகை நாட்களை எல்லாம் படித்து முடித்தேன். வசிதி மூச்சிரைக்கத் திரும்பி வந்து, “என்ன சத்தம்?” என்றாள். “ஒண்ணுமில்லை” என்று இருவரும் அவளிடம் தனித்தனியாகச் சொன்னோம்.

பிறகு நினைவுச் சில்லைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் மாட்டிப் பட்டனை அமுக்கினாள். நல்ல பலகையாக இருந்தால் சில்லைக் காணோம் என்று பீப் பீப்பென்று அழுமாம். இது மூச்சு விடவில்லை. உற்றுப் பார்த்தால் கெப்பாசிட்டர்கள் இரண்டு தலை புடைத்து நிற்கின்றன, சுற்றிலும் கடற்காற்றின் துரு. எனக்குக் கேட்கத் தைரியமில்லாமல் வெளியே போய்ப் பலா மரத்தடியில் நின்றேன். வசிதி ஜன்னல் வழியே கத்தினாள்: “மதர் போயிடுச்சாம்!” அது மதர்போர்டு என்று பக்கத்து வீட்டுத் தொரிகாவுக்கு எப்படித் தெரியும்? துக்க வீட்டுக்கு முறையாகக் கொடுக்கும் பாயைத் தூக்கிக்கொண்டு, வாசலிலேயே ஒப்பாரி வைத்தபடி வந்துவிட்டாள். ஸ்குரூ டிரைவரோடு வெளியே வந்த அத்தை, “யாருக்குடி என்ன ஆச்சு?” என்று கேட்டாள். மயங்கி விழுந்த தொரிகாவைத் தெளிவித்து அனுப்பினோம். பாயை அத்தை திருப்பித் தரவில்லை.

பலகையோடு என் பாட்டுகளும் போயின என்றுதான் நினைத்தேன். அத்தைக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. “பலகை செத்தா பாட்டு ஏன்டி சாகும்? அது டிஸ்க்ல இருக்கு. அங்க நின்னு மரத்தைப் பாத்துக்கிட்டிருக்க வேணாம்னு சொல்லு” என்றாள். டிஸ்க்கைக் கழற்றித் தன் வீட்டு கம்ப்யூட்டரில் மாட்டினாள். எல்லாப் பாட்டும் வந்தது, மச்சான், ஒன்று குறையாமல். மறைக்க என்ன இருக்கிறது, அழுதுவிட்டேன்.

அத்தைக்கு நன்றி சொல்ல வேண்டும். வசிதியைக் கேட்டால், “கேள்வின்னா கொண்டுபோவேன், கண்ணீரெல்லாம் என்னால சுமக்க முடியாது” என்கிறாள். அதனால் நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சொல். அவள் ‘டேய்’ என்றதற்கு நான் வருத்தப்படவில்லை என்றும் சொல். என் அம்மா போனபிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆளே இல்லை. கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் நான் சொன்னதாகத் தெரியவே கூடாது, அழுததும் தெரியக் கூடாது. நீயாக யோசித்ததுபோல் சொல். உனக்கு யோசனை வராது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் முயற்சி செய்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காத்து, நீ கைதட்டும் ரக்பி அணிக்கும் கொஞ்சம் புத்தி தருவாராக.

உன்னைவிட எல்லா வகையிலும் அழகான மச்சான்,
செமெசா

பி.கு.: இதை அத்தை வீட்டில், அவள் கம்ப்யூட்டரில்தான் அடித்தேன். டீ குடிக்க எழுந்து போய்த் திரும்பினால் நாற்காலி சூடாக இருக்கிறது, கீபோர்டின் மேல் அவள் மூக்குக்கண்ணாடி. அடுத்த அறையிலிருந்து வசிதி குரல் கொடுக்கிறாள்: “மூணாவது பாட்டுல பொம்பளைங்க குரலை ரொம்பக் கீழ இறக்கிட்டீங்களாம். இன்னைக்கு ஒத்திகைக்கு அம்மாவே வந்து பாடிக் காட்டறாங்களாம். என்ன சொல்லட்டும்?”

ஞாயிற்றுக்கிழமை நீ எதுவும் சொல்ல வேண்டாம், மச்சான். “சரி, அத்தை” என்று நானே சொல்லிவிட்டேன்.