உன் அக்காவின் மடி அளவும் ஒரு நாய்க்குட்டியும்

என் மனைவிக்கு ஒரே தம்பியும், எனக்கு ஒரே மச்சானும், மாடு முதல் கிளி வரை சகலத்துக்கும் ஊசி போடும் டாக்டருமான உனக்கு உன் அத்தான் எழுதுவது. நான் நலம். தையல் மெஷினும் நலம். உன் அக்கா நலமா என்பதுதான் கேள்வி, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து உன் அக்கா உட்காருவதே இல்லை. துடைத்த அடுப்பையே துடைக்கிறாள், மடித்த துணியை உதறி மறுபடி மடிக்கிறாள், என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்லையே, எனக்கென்ன?" என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். போனில் மகளிடம் சொன்னேன். "அப்பா, அம்மாவுக்கு ஒரு சின்ன நாய் வாங்கிக் குடுங்க. மடியிலயே கிடக்குமே, அந்த மாதிரி" என்றாள். எந்த மாதிரி என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

நான் தையல்காரன். மடிக்கு நாய் என்றால் முதலில் மடியை அளக்க வேண்டாமா? உட்காரு என்றால் "பால் பொங்குது" என்று ஓடுகிறாள். மூன்று நாள் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் பல் டாக்டர் நாற்காலியில்தான் மாட்டினாள். வாய் திறந்திருந்ததால் திட்ட முடியவில்லை. நீளம் பதினாறு, அகலம் பதினான்கு. டாக்டர், "சார், இது எதுக்கு?" என்றார். "நாய்க்கு" என்றேன். உடனே என்னை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

நாய் விற்பவர் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பொமரேனியனைக் காட்டினார், நல்ல சரக்குதான், ஆனால் தொட்டால் நூல் உதிர்கிறது. பக் என்று ஒன்று, முகமெல்லாம் சுருக்கம், எந்த இஸ்திரிக்கும் மசியாது. டாக்ஸண்டுக்கு உடம்பைத் தாராளமாக வெட்டிவிட்டுக் காலுக்குத் துணி பத்தாமல் விட்டிருக்கிறார்கள். முகமெல்லாம் முடி மூடிய ஷிட்சூவுக்கு எது முன்பக்கம் என்று கேட்டேன், பிஸ்கட் நீட்டிப் பாருங்கள் என்றார். இவையெல்லாம் கனவு காணுமா, கண்டால் எதைக் காணும் என்றும் கேட்டேன். "சார், வாங்கப் போறீங்களா இல்லையா?" என்று எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் மூலையில் ஒரு பழுப்புக் குட்டி என் டேப்பின் நுனியைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது. அளந்தேன். மூக்கிலிருந்து வால்வரை பதினைந்தே அங்குலம்! என்ன இனம் என்றால், "எல்லாம் நல்ல இனம்தான் சார்" என்றார். வாங்கி வந்துவிட்டேன். உன் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு நிமிடம் உட்கார்ந்தாள், கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பிறகு அடுப்பு கூப்பிட்டுவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்: பாதம் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது. நடக்க நடக்கத் தேய்ந்து சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். இது என்ன சிறிய இனம் என்று உடனே பதில் எழுதவும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ ஊசி போடும் எந்த ஜீவனும் உன்னைத் திருப்பிக் கடிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து, இந்தக் கடிதம் ஐந்து மாதமாக என் கோட்டுப் பையிலேயே கிடந்திருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு உள்ளே துணி மடித்துவிட்டுத் தைக்க வேண்டும் என்று முப்பது வருடமாக ஊருக்கே சொன்னவன், நாய்க்கு அதை மறந்துவிட்டேன். இப்போது தலையும் முன்னங்காலும் உன் அக்கா மடியில், மீதி என் மடியில். இது தூங்கினால் இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியாது. நேற்று பால் பொங்கியே போய்விட்டது. "போனாப் போகுது, எழுந்தா முழிச்சுக்கும்" என்றாள். பிறகு, மகள் போன அன்று ரயிலடியில் அழாமல் அடக்கியதையெல்லாம் என் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தாள். ஆகவே இது என்ன இனம் என்று தயவுசெய்து எழுதாதே. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் மூன்றாவது மடி வேண்டியிருக்கும், பெட்டியைக் கட்டிக்கொண்டு நீ வந்து சேர்.