துரைசானியின் நீலப்பூவும் எங்கள் முளைப்பாரிச் சட்டியும்

சின்னமனூர்,
தாது வருஷம் ஆவணி 5

மலைத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, எங்கள் வீட்டு மாப்பிள்ளை ராக்கப்பன் அவர்களுக்கு மாமனார் பிச்சைமணி எழுதுவது. நீங்கள் அனுப்பிய விதையைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அட்டைக்கடிக்கு நடுவே நீங்களும் சுகமாயிருக்க அம்மன் துணை.

உங்கள் துரைசானி தன் ஊரில் பூக்கும் ஜென்ஷியன் என்ற நீலப்பூவுக்கு ஏங்குகிறாளாம். மேலே மழையில் விதை அழுகிப் போனதாம். உடனே நீங்கள், "எங்க மாமா கல்லுல வெதச்சாலும் மொளைக்கும்" என்று வாயை விட்டீர்களாம். பூத்தால்தான் தோட்டத்தில் குடும்பத்தோடு இருக்க வீடு தருவார்களாம். கல்யாணமாகி ஒன்றரை வருஷமாக என் மகள் முருகம்மாள் என் வீட்டில் உட்கார்ந்திருப்பது ஒரு பூவுக்காகத்தான் என்று நான் ஊரில் யாரிடம் சொல்ல?

பொட்டலத்தைப் பிரித்தேன். மூக்குப்பொடி என்று நினைத்து ஒரு சிட்டிகை இழுத்துவிட்டேன். அதுவும் முளைக்கவில்லை. விதையை ஆறு வாரம் பனிக்கட்டியில் வைக்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சின்னமனூரில் பனி என்பது மார்கழியில் மாட்டு முதுகில் படிவது. நீங்கள் அனுப்பியதோ வைகாசியில். சரி என்று ஈரமணலில் கலந்து, கலயத்தில் கட்டி, கிணற்றுக்குள் இறக்கினேன். தண்ணீர் இறைக்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, புதையலா என்று கேட்டார்கள். அதன்பிறகு விதையை மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட மேலாகத் தூவவேண்டும் என்கிறீர்கள். மாப்பிள்ளை, அதற்கு எங்கள் பக்கம் விதைப்பு என்று பெயர் இல்லை, கோழிக்குத் தீனி என்று பெயர். முப்பது வருஷமாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவனுக்குப் பேனா பிடிக்கிற நீங்கள் பாடம் சொல்கிறீர்கள்!

உங்கள் அத்தை அக்கம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "ஆத்தா பார்வையில மொளைக்காத வெதையா?" என்று சொல்லி, ஆடித் திருவிழா முளைப்பாரிச் சட்டியில் பாசிப்பயறுக்குப் பதிலாக உங்கள் விதையைத் தூவி இருட்டறையில் வைத்துவிட்டாள். ஒன்பது நாள் கும்மி கொட்டிப் பாடினார்கள். மற்றவர்கள் சட்டியில் முழங்கை உயரம் பயிர், எங்கள் சட்டியில் எரு. ஊர்வலத்தில் அந்த வெறும் மண்ணில் வேப்பிலையைச் செருகித் தலையில் வைத்துக்கொண்டு முருகம்மாள் கண்ணைத் துடைத்தபடியே நடந்தாள். எதிர்வீட்டு அய்யம்மாள் சும்மா இருப்பாளா? "மொளைப்பாரி வெறுஞ்சட்டியாப் போனா வாழப்போற பிள்ளைக்கு ஆகாதுண்ணே. மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லிட்டாகளோ?" என்று தெருவே கேட்கக் கேட்டாள். இப்போது ஊர் வாயில் நீங்கள் என் மகளைத் தள்ளிவைத்துவிட்டீர்கள்.

சட்டியைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டேன். துரைசானிக்கு நீலம் வேண்டுமென்றால் சலவைக்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுங்கள். வீடாவது பூவாவது! வருகிற வெள்ளிக்கிழமை நீங்களே போடிமெட்டு இறங்கி வந்து, அய்யம்மாள் வாசலில் இருக்கும்போது பார்த்து, உங்கள் பெண்சாதியை அழைத்துப் போகவேண்டும். குடிசையானாலும் சரி. வராவிட்டால் பத்துப் பேரோடு நானே மேலே வருவேன்.

உங்கள் தாயாருக்கு என் கும்பிடு. தம்பதிகள் குறைவில்லாமல் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பிச்சைமணி

பி.கு.: கோபத்தில் எழுதிய இதைத் தபாலில் போட ஆறு நாள் மறந்துவிட்டேன். இன்று காலை கிணற்றடியில் கடுகளவு பச்சையாக ஏழு முளைகள். களையாக இருக்கும் என்று பிடுங்கப் போனேன், முருகம்மாள் கையைத் தட்டிவிட்டாள். நீங்கள் எழுதிய இலை அடையாளம் அப்படியே இருக்கிறது. பந்தல் போட்டாயிற்று. அய்யம்மாள் வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு போனாள். பூக்க மூன்று வருஷம் ஆகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "இதுகள விட்டுட்டு நா எங்கனயும் வரமாட்டேன், அவுகள இங்கன வரச் சொல்லுங்கப்பா" என்கிறாள் உங்கள் பெண்சாதி. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆகவே மேலே எழுதிய வெள்ளிக்கிழமை தப்பிவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை வரும்போது வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியோடு வாருங்கள். துரைசானியிடம் ஒன்றுமே முளைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.