காளானுக்கு இடி இடிச்ச கதை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு அலுவல். மாட்டுக்கொட்டிலுக்குள்ளை போட்ட காளான் பாத்திக்குத் தண்ணி தெளிக்கவேணும். பேணியிலை அள்ளித் தெளிச்சால் அஞ்சு நிமிசத்திலை முடியிற வேலை.

நான் அதைச் செய்யப் போய், மானிப்பாயிலை எங்கடை ஒழுங்கை முழுக்க இருந்த சனத்தைப் பதுங்குகுழிக்குள்ளை இறக்கிப்போட்டன்.

முதலிலையிருந்து சொல்லுறன். யப்பான்காரன் குண்டு போடுவான் எண்டு பயந்த சண்டைக் காலம். அரிசி கூப்பனுக்குத்தான். என்னோடை படிப்பிக்கிற வாத்தியார் ஒருத்தர் பர்மாவிலையிருந்து தப்பி வந்தவர். அங்கை வைக்கலிலையே காளான் வளர்த்துக் கறி வைக்கிறவையாம். ஒரு பேணி நிறைய விதை தந்து, செய்முறையையும் ஒண்டுவிடாமல் சொன்னார். நான் கணக்கு வாத்தியார். பாதி கேட்டவுடனை மிச்சம் விளங்கிவிட்டுது எண்டு தலையாட்டுற ஆள்.

வைக்கல் என்ரை இல்லை, மாட்டின்ரை. மாடும் என்ரை இல்லை. பிள்ளைக்குப் பால் வேணுமெண்டு கரவெட்டியிலை இருக்கிற என்ரை மாமனார் தந்த மாடு. தின்ன ரெண்டு வண்டில் வைக்கலும் அனுப்பினவர்.

அதிலை ஒரு வண்டிலை நான் எடுத்திட்டன். மாட்டைப் பூவரச மரத்திலை கட்டிப்போட்டு, கொட்டிலுக்குள்ளை மூண்டு பாத்தி போட்டன். காளானுக்கு நோகக்கூடாது பாருங்கோ, பஞ்சுமெத்தை மாதிரி உதறி உதறி மெதுவாப் போட்டன்.

மூண்டு கிழமையாலை காளான் வந்தது. ஏழு.

பூரணம், அதுதான் என்ரை மனுசி, அந்த ஏழையும் வதக்கினாள். வதங்கி வரேக்கை சட்டியிலை தேடவேண்டிக் கிடந்தது. அதுக்குள்ளை மாட்டுக்கு வைக்கல் முடிஞ்சு, பாலும் வத்திப்போச்சு. அவள் தகப்பனுக்கு வைக்கல் கேட்டு எழுதினாள். மறுகடிதம் கெதியா வந்தது. ஒரு மாசத்திலை ரெண்டு வண்டில் வைக்கல் தின்னிற மாட்டைத் தான் கண்டதில்லையாம். புதன்கிழமை வாறாராம். வளர்க்க ஏலாட்டில் மாட்டைத் திருப்பிக் கொண்டுபோவாராம்.

பூரணம் கடிதத்தை மடிச்சுப்போட்டு ஆறுதலாச் சொன்னாள்.

"அப்பா வரேக்கை ஒரு சட்டி காளான் கறி இருந்தால் நான் உங்களுக்காகக் கதைப்பன். இல்லாட்டில் நீங்களே கதையுங்கோ. பிள்ளைக்குப் பாலுக்கும் நீங்களே வழி பாருங்கோ."

விளைச்சலைக் கூட்டாமல் விடுறேல்லை எண்டு இறங்கினன். அரிசி கழுவின தண்ணி ஊத்தினன். தோசைக்கு வைச்சிருந்த உளுத்தம்மாவைத் தூவினன். அதுக்கு அவளிட்டை வாங்கின ஏச்சை இங்கை எழுத ஏலாது. காளான் மட்டும் அசையேல்லை.

பக்கத்து வளவுக் கந்தையா அண்ணை வேலியாலை எட்டிப் பாத்தார். அவர் எங்கடை ஒழுங்கைக்கு வார்டன். குண்டு விழுந்தால் சனத்தைக் காப்பாத்துறதுக்கு அரசாங்கம் அவருக்கு ஒரு இரும்புத் தொப்பியும் விசிலும் குடுத்திருக்கு. ரெண்டு மாசமாக் குண்டு விழேல்லை எண்ட கவலை அவருக்கு.

என்ரை பாத்தியைப் பாத்திட்டு, இடி இடிக்காமல் காளான் எங்கை முளைக்கிறது எண்டு கேட்டார். இடி சத்தத்துக்குத்தானே அது நிலத்தைப் பிளந்துகொண்டு வாறது. வெய்யில் காலத்திலை கொட்டிலுக்குள்ளை படுத்திருக்கிற காளானுக்கு ஆர் இடி இடிக்கிறது?

எனக்கு அது சரியான நியாயமாப் பட்டுது. படிச்ச மனுசன், என்னைத்தான் சொல்லுறன்.

கொட்டிலுக்குத் தகரக் கூரை. ஞாயிறு மத்தியானம், குசினியிலை கிடந்த அம்மிக்குழவியைச் சத்தம்போடாமல் எடுத்துக்கொண்டு கூரையிலை ஏறினன். உச்சியிலையிருந்து உருட்டினன். ஆகா, அசல் இடி. தகரம் முழுக்க அதிர்ந்து உறுமிச்சு. ஓடிப்போய் விளிம்பிலை பிடிச்சன். திரும்பவும் உருட்டினன். மின்னலுக்குச் சைக்கிள் லாம்பை ஆட்டலாமோ எண்டும் யோசிச்சன், பகலிலை எடுபடாது எண்டு விட்டிட்டன்.

நாலாந்தரம் குழவி கைதவறிப் போச்சு. கீழை வெறுமையாக் கிடந்த இரும்புத் தண்ணிப் பீப்பா. அதிலை விழுந்த சத்தத்திலை எனக்கே காது அடைச்சுது.

உடனை விசில். பிறகு, ஆபத்துக்கு அடிக்கிறதுக்கெண்டு கட்டித் தூக்கியிருந்த தண்டவாளத் துண்டிலை அடி அடியெண்டு அடி. கந்தையா அண்ணை குழிக்கை இறங்குங்கோ எண்டு கத்துறார். சனம் பிள்ளை குட்டியோடை ஓடுது.

சொல்ல வெக்கமாக் கிடக்கு, நானும் நம்பிப்போட்டன். யப்பான்காரன் வந்திட்டான் எண்டு கூரையாலை குதிச்சு, வேலியைப் பிச்சுக்கொண்டு போய்க் கந்தையா அண்ணையின்ரை குழிக்குள்ளை விழுந்தன். பூரணம் பிள்ளையோடை எனக்கு முதலே அங்கை இருந்தாள்.

ரெண்டு குண்டு எண்டார் கந்தையா அண்ணை. ஒண்டு மேலை உருண்டு போச்சாம், மற்றது விழுந்து வெடிச்சதாம். எந்தப் பக்கம் அண்ணை எண்டு கேட்டன்.

"உங்கடை மாட்டுக்கொட்டில் பக்கம்."

ஐயோ, என்ரை காளான் எண்டு நெஞ்சிலை கைவைச்சன். அப்பதான் பூரணம் என்ரை காதுக்குக் கிட்ட வந்தாள்.

"அம்மிக்குழவி எங்கை?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டுது. ரெண்டு மாசம் காத்திருந்த வார்டனுக்கு அது அம்மிக்குழவி எண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு மணித்தியாலம் எல்லாரோடையும் சேர்ந்து தேவாரம் பாடினன்.

விசில் ஊதி வெளியிலை விட்டவுடனை கொட்டிலுக்கு ஓடினன். நடுப் பாத்தியிலை ஒரு ஆள் குப்புறக் கிடக்கு. பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி.

மாமா!

புதன்கிழமை வாறன் எண்டவர், தெரிஞ்ச ஆளின்ரை வண்டில் இந்தப் பக்கம் வருகுதெண்டு ஏறி வந்திட்டார். அவரை வாசல் படலையடியிலை இறக்கிப்போட்டு வண்டில் போயிட்டுது. படலையைத் திறக்க வானம் இடிஞ்சுதாம். கிட்ட இருந்த இருட்டுக்குள்ளை பாய்ஞ்சு படுத்தவராம். எழும்பித் தலையிலை இருந்த வைக்கலை ஒவ்வொண்டா எடுத்துப் பாத்தார்.

"தம்பி, இது நான் மாட்டுக்குத் தந்த வைக்கலோ?"

"ஓம் மாமா."

அதுக்குப் பிறகு அவர் என்னோடை கதைக்கேல்லை. வியாழக்கிழமை பின்னேரம் கரவெட்டிக்கு வண்டில் இருக்காம், மாட்டோடை போறாராம். எல்லாம் மகளுக்குத்தான் சொன்னார். பக்கத்திலை இருந்து சாப்பிடேக்கையும், உப்பை இஞ்சாலை தள்ளச் சொல்லு பிள்ளை எண்டுதான் கேட்பார். நான் தள்ளுவன். புதன்கிழமை மனமுடைஞ்சு பாத்தி வைக்கலைக் கொஞ்சம் பிடுங்கி மாட்டுக்குப் போட்டன். அது மணந்து பாத்திட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுது.

வியாழன் காலமை பூரணம் கொட்டிலுக்குள்ளையிருந்து கூப்பிட்டாள்.

ரெண்டு பக்கத்துப் பாத்தியிலையும் ஒண்டுமில்லை. நடுப் பாத்தியிலை ஒரு தலை, ரெண்டு தோள், ஒரு வயிறு, ரெண்டு கால். எல்லாம் காளான். கோடு கீறினமாதிரி அந்த உருவத்துக்குள்ளை மட்டும் நெருக்கமா முளைச்சுக் கிடந்தது. வயித்தடியிலை கைவைக்க இடமில்லை. மாமாவும் வந்து எட்டிப் பாத்தார்.

கறி பெரிய சட்டி நிறைய வந்தது. மூண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டுப்போட்டு, மாமா நேரா என்னைப் பாத்தார்.

"தம்பி, இதுக்கு என்ன பசளை போட்டனீர்?"

பூரணம் சட்டிக்குள்ளை பாத்துச் சிரிப்பை அடக்கினாள். நான் உப்பை அவர் பக்கம் தள்ளினன். பின்னேரம் மாமா வண்டிலிலை தனியத்தான் போனார். மாடு எங்களோடை நிண்டுட்டுது. எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

அடுத்தநாள் பள்ளிக்கூடத்திலை பர்மா வாத்தியார் நடந்ததைக் கேட்டுத் தலையிலை கைவைச்சார். வைக்கலை நல்லா இறுக்கி அமத்தவேணும், பொலபொலவெண்டு கிடந்தால் விதை பிடிக்காது எண்டு ரெண்டுதரம் சொன்னவராம். நான் வீட்டை வந்து புதுப் பாத்தி போட்டு அரைநாள் ஏறி மிதிச்சன். நான் ஊதினால் பறக்கிற உடம்பு. ஒன்பது காளான் வந்தது.

இப்ப ஒவ்வொருதரமும் பாத்தி போட்டவுடனை கரவெட்டிக்கு ஒரு போஸ்ட்காட் எழுதிறன்: "மாமா, நேரம் கிடைக்கேக்கை வந்து ஒரு மணித்தியாலம் படுத்திட்டுப் போங்கோ."